அடியைப் பாருங்கள், முத்திரையைக் கடைசியில் படியுங்கள்: பழைய சீன நீல வெள்ளைப் பீங்கான் வாங்குவோருக்கு

பழைய சீனப் பீங்கானில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்ததும் அடியில் எழுதியிருக்கும் முத்திரையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். "மிங் காலத்து முத்திரை" (மிங் 1368–1644இல் சீனாவை ஆண்ட வம்சம்) என்று யாராவது சொல்லிவிட்டால், அதன்பின் கண்ணில் படுவதெல்லாம் அதற்குச் சாட்சியாகவே தெரியும். முத்திரையை எந்தக் காலத்திலும் யாரும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். மண், சூளை, கண்ணாடிப் பூச்சு ஆகியவற்றைப் பொய்யாக்குவது அவ்வளவு சுலபமல்ல. அதனால் ஒரு பாத்திரத்தைச் சோதிக்கும் வரிசையைத்தான் முதலில் பழக வேண்டும்: அடிவளையம், பூச்சு, நீலம், பழுது, கடைசியில் முத்திரை. முத்திரையைப் படிக்கும் முன்பே "இது இன்ன காலத்தது" என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் நிறையப் பணத்தைக் காப்பாற்றும்.

இந்தப் பாத்திரங்கள் எப்படி உருவாகின்றன என்பது தெரிந்தால் சோதனை எளிதாகும். இவற்றில் பெரும்பகுதி சீனாவின் ஜியாங்சி மாகாணத்து ஜிங்டெஜென் நகரச் சூளைகளில் செய்யப்பட்டது. கயோலின் என்னும் வெள்ளைக் களிமண்ணையும் பொடித்த பீங்கான் கல்லையும் சேர்த்துப் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, உலர்ந்ததும் சுடாத மண்மீதே, நீல நிறம் தரும் கோபால்ட் என்னும் தாதுவின் கரைசலால் வரைவார்கள். அதன்மேல் பூச்சு ஏற்றி, ஏறக்குறைய 1300 டிகிரி செல்சியஸில் ஒரே முறை சுடுவார்கள். உலர்ந்த மண் கரைசலை உடனே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் வைத்த கோட்டை அழிக்க வழியில்லை. நல்ல பாத்திரங்களில் தூரிகை தயங்காமல் ஓடியிருப்பதற்கு அதுவே காரணம். நீலம் பூச்சுக்கு அடியில் இருப்பதால் அது தேயாது. தேய்மானம் வருவதெல்லாம் பூச்சின் மேற்பரப்பில்தான்.

கைக்கு வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறிய எல்.ஈ.டி டார்ச், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், அளவு நாடா, தடித்த டர்க்கித் துண்டு. இவ்வளவு போதும். மேசையில் துண்டை விரித்து, பகல் வெளிச்சம் வரும் சன்னலருகே உட்காருங்கள். குழல்விளக்கின் கீழ் நீலத்தின் சாயல் மாறித் தெரியும்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். மூடி இருந்தால் முதலில் அதைத் தனியே எடுத்து வையுங்கள். கைப்பிடியையோ விளிம்பையோ பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை அடியிலும் மறு கை உடலிலும் இருக்க வேண்டும். கடையில் பாத்திரத்தைக் கையிலிருந்து கைக்கு வாங்காதீர்கள். விற்பவர் மேசையில் வைக்கட்டும், பிறகு நீங்கள் எடுங்கள். சீன வியாபாரிகளிடம் இது எழுதாத விதி. நடுவில் விழுந்து உடைந்தால் யார் பொறுப்பு என்ற சண்டையே வராது.

முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

பாத்திரம் நிற்கும் வளையத்தில் பூச்சு இருக்காது. பூச்சு இருந்தால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே துடைத்துவிடுவார்கள். ஆகவே மண்ணை நேராகப் பார்க்கக் கிடைக்கும் இடம் அதுதான். ஐந்து நிமிடமாவது அங்கே செலவிடுங்கள்.

முதலில் விரல் நுனியால் வளையத்தைச் சுற்றித் தடவுங்கள். காங்சி பேரரசர் காலத்து (1662–1722) நல்ல பாத்திரங்களில் மண் இறுக்கமாக, வழவழப்பாக இருக்கும். வளையம் நேர்த்தியாகச் செதுக்கப்பட்டிருக்கும். அக்காலத்துச் சில பெரிய தட்டுகளில் இரட்டை வளையமும் நடுவே பள்ளமும் உண்டு. அடுத்து வந்த யோங்ஜெங் காலத்தில் (1723–1735) வளையத்தின் விளிம்பை உருட்டி மழுக்கியிருப்பார்கள், விரலில் எங்குமே கூர் தட்டாது. வான்லி காலத்தில் (1573–1620) ஐரோப்பாவுக்குப் போன, கிராக் என்று அழைக்கப்படும் ஏற்றுமதி வகைத் தட்டுகளில் நிலைமை வேறு. வளையத்தில் சூளை மணல் ஒட்டியிருக்கும். அடிப்பகுதியில் மையத்திலிருந்து ஆரங்கள் போல் ஓடும் மெல்லிய வெட்டுக் கோடுகள் தெரியும். சக்கரத்தில் சுழலும்போது செதுக்குக் கருவி அதிர்ந்து விட்ட தடம் அது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அடுத்து நிறம். மிங் காலப் பாத்திரங்கள் பலவற்றில் பூச்சு முடிந்து வெற்று மண் தொடங்கும் எல்லையில் ஆரஞ்சு கலந்த செம்பழுப்புக் கோடு ஒன்று இருக்கும். மண்ணிலுள்ள இரும்பு சூளை ஆறும்போது காற்றோடு சேர்ந்து உண்டாக்கிய நிறம் அது. பூச்சை ஒட்டி அடர்த்தியாகவும், விலக விலக மங்கலாகவும் இருக்கும். போலி செய்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். இரும்புக் கரைசலைத் தூரிகையால் தடவிச் சுடுகிறார்கள், சிலர் தேயிலைச் சாயமும் சேற்றுநீரும் பூசுகிறார்கள். லென்ஸில் பார்த்தால் பூசிய நிறம் வளையம் முழுவதும் ஒரே சீராக, மண்ணின் துளைகளில் தேங்கி நிற்கும். தரையோடு உராயும் உச்சியிலும் அதே அடர்த்தி இருக்கும். நூறு ஆண்டு மேசையில் நகர்ந்த பாத்திரத்துக்கு அந்த உச்சி தேய்ந்து மெருகேறியிருக்க வேண்டும். ஈரப் பஞ்சால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் வைத்துவிட்டு நகருங்கள்.

அடிவளையத்தைப் பார்க்கும்போதே வேறு நாட்டுச் சரக்கையும் கழித்துவிடலாம். பாத்திரத்தின் அடியில் மூன்று முதல் ஐந்து சிறு முள் தழும்புகள் புள்ளியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் ஜப்பானின் அரிதாப் பீங்கான். அடி முழுவதும் சாக்லேட் பழுப்புப் பூசியிருந்தால் வியட்நாமுடையதாக இருக்கலாம். சில்லு போன இடத்தில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ, உதிரும் மண்ணாகத் தெரிந்தால் அது பீங்கானே அல்ல. ஹாலந்தின் டெல்ஃப்டோ ஆங்கிலேய மண்பாண்டமோதான். உண்மையான பீங்கான் உடைந்த இடம் வெள்ளையாக, இறுக்கமாக, சர்க்கரைக் கட்டியின் உடைப்பைப் போல் மினுங்கும்.

ஜாடியாக இருந்தால் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். பெரிய ஜாடிகளை இரண்டு மூன்று பகுதிகளாக வனைந்து மண்குழம்பால் ஒட்டுவார்கள். ஒட்டிய இடம் உள்ளே மேடாகக் கைக்குத் தட்டுப்படும். அச்சில் வார்த்த இன்றைய சரக்கில் அந்த மேடும் இருக்காது, வனைந்த சுருள் தடமும் இருக்காது. சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்கும். ஆனால் நல்ல போலிகளை இன்றும் கையால்தான் வனைகிறார்கள். எனவே ஒட்டு மேடு இருப்பதாலேயே பழையது என்று முடிவுகட்ட வேண்டாம். இல்லாவிட்டால் மட்டும் பலமாகச் சந்தேகப்படுங்கள்.

பூச்சும் தேய்மானமும்

டார்ச்சைச் சாய்த்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பாத்திரத்தின் உட்புற நடுப்பகுதியைப் பாருங்கள். பயன்பட்ட தட்டில் கீறல்கள் நீளமும் குட்டையுமாக, எல்லாத் திசையிலும் போகும். சில ஆழமாக, அழுக்கேறி இருக்கும். சில மேலோட்டமாக இருக்கும். உப்புத்தாளால் தேய்த்த போலியில் கீறல்கள் கூட்டமாக ஒரே திசையில் ஓடும். அமிலத்தில் முக்கியெடுத்த போலியில் பளபளப்பு மொத்தமாக இறங்கி, லென்ஸில் காற்றுக் குமிழ்கள் எல்லாமே வாய் திறந்து குழியாகத் தெரியும். தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சாப்பாட்டுத் தட்டின் நடுவில் இருக்க வேண்டும், வளையத்தின் உச்சியில் இருக்க வேண்டும், ஜாடியின் வயிறு பிதுங்கும் இடத்தில் இருக்கலாம். யார் கையும் படாத மூலையில் மட்டும் தேய்ந்திருந்தால் அது செயற்கை.

விளிம்பில் பூச்சு பொட்டுப் பொட்டாக உதிர்ந்து பூச்சி அரித்ததுபோல் இருந்தால் பயப்பட வேண்டாம். மண்ணும் பூச்சும் ஆறும்போது ஒரே அளவு சுருங்காததால் வருவது அது. மிங் இறுதியிலிருந்து காங்சி தொடக்கம் வரையான சரக்கில் சகஜம். விலையைப் பெரிதாகக் குறைக்காது. இதைத் தவிர்க்கவே பதினேழாம் நூற்றாண்டில் பல பாத்திரங்களின் விளிம்பில் இரும்புப் பழுப்பு பூசினார்கள்.

நீலம் சொல்வது

நீலத்தைப் படிக்கக் கற்பதுதான் இந்த வேலையில் மிக நீண்ட பாடம், மிக அழகானதும்கூட. மிங்குக்கு முந்தைய யுவான் வம்சக் காலத்திலும் மிங்கின் தொடக்கத்திலும் பயன்பட்ட இறக்குமதிக் கோபால்டில் இரும்பு அதிகம், மாங்கனீசு குறைவு. அதனால் தூரிகை அழுந்திய இடங்களில் கருநீலப் புள்ளிகள் தேங்கி, பூச்சுக்குள்ளேயே சற்று அமிழ்ந்து நிற்கும். வெளிச்சத்தைச் சாய்த்தால் அப்புள்ளிகளில் ஈயம் போன்ற மங்கிய உலோக மினுப்புத் தெரியும். சுவாந்தெ காலத்துப் (1426–1435) பாத்திரங்களில் இதைப் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டு அரசச் சூளைகள் இந்த அழகை விரும்பி நகலெடுத்தபோது கோபால்ட் அப்படித் தேங்கவில்லை. எனவே தூரிகையால் கூடுதல் புள்ளிகளை வைத்தார்கள். லென்ஸில் பார்த்தால் அவை கோட்டின்மேல் இடைவெளி விட்டு இட்ட பொட்டுகளாகத் தெரியும். இயற்கையான தேக்கம் கோட்டின் போக்கோடு கூடவே வரும்.

மிங் நடுப்பகுதியில் மாங்கனீசு கூடிய உள்நாட்டுக் கோபால்ட் வந்தது. செங்ஹுவா காலத்து (1465–1487) நீலம் மென்மையாக, சற்றே சாம்பல் கலந்து அமைதியாக இருக்கும். ஜியாஜிங் காலத்தில் (1522–1566) ஊதா கலந்த அடர்நீலம் கண்ணைப் பறிக்கும். காங்சி காலத்தில் கோபால்டைச் சுத்திகரிக்கும் முறை மேம்பட்டு, நீலக்கல் போன்ற தெளிந்த நிறம் கிடைத்தது. ஒரே கரைசலை நீர்த்தும் அடர்த்தியாகவும் அடுக்கி, மலையின் முன்பக்கம், பின்பக்கம், மூட்டம் எல்லாவற்றையும் நீலத்தின் ஐந்தாறு சாயல்களிலேயே காட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சாதாரணச் சரக்கில் நீலம் நீர்த்தும் திட்டுத்திட்டாகவும் இருக்கும். இருபதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலைக் கோபால்ட் ஆழமில்லாமல் ஒரே சமனாக, சற்று கூச்சலான ஊதா நீலமாகத் தெரியும்.

இஞ்சி ஜாடி என்று பெயர்பெற்ற மூடிபோட்ட உருண்டை ஜாடியை எடுத்துக்கொள்வோம். நீலப் பின்னணியில் பனிக்கட்டி விரிசல், அதன்மேல் வெள்ளை பிளம் பூக்கள். சந்தையில் அதிகம் கிடைப்பது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். காங்சி காலத்து ஜாடியில் விரிசல் கோடுகள் வெவ்வேறு அடர்த்தியில் ஓடும். இரு கோடுகளுக்கு நடுவே தூரிகை நிரப்பிய நீலத்தில் ஏற்ற இறக்கம் தெரியும். அதனால் பின்னணி ஆழமாக உள்ளே போவதுபோல் இருக்கும். பூவிதழ்களின் கோடு மெல்லியது. 1880களுக்குப் பிறகு வந்தவற்றில் பின்னணி தட்டையாக இருக்கும், விரிசல் கோடுகள் ஒரே கனத்தில் வலைபோல் ஓடும். அடியில் பெரும்பாலும் இரட்டை நீல வட்டமோ நான்கெழுத்துக் காங்சி முத்திரையோ இருக்கும். அந்த நான்கெழுத்து முத்திரை பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதிக்கே பெரிதும் உரியது. மூடியையும் ஜாடியையும் பக்கத்தில் வைத்து நீலத்தை ஒப்பிடுங்கள். வேறு ஜாடியின் மூடியைப் போட்டு விற்பது வழக்கம். காங்சி காலத்து மூடியே அரிதாகத்தான் பிழைத்திருக்கிறது. அதற்குப் பதில் மர மூடி இருந்தால் அது தவறல்ல.

லென்ஸில் நீலம் சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தாலோ, கோலம் ஓரிடத்தில் பொருந்தாமல் வெட்டி ஒட்டியதுபோல் நின்றாலோ அது அச்சுத்தாளிலிருந்து ஒட்டியது. கையால் வரைந்ததல்ல. அங்கேயே சோதனையை நிறுத்திவிடலாம்.

தட்டிப் பாருங்கள், வெளிச்சம் பிடியுங்கள்

பாத்திரத்தை விரல் நுனிகளில் தாங்கி, விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். கணீர் என்று நீளும் ஒலி வந்தால் உடல் முழுமையாக இருக்கிறது. மந்தமாக நின்றால் எங்கோ மயிரிழை விரிசலோ ஒட்டுவேலையோ உண்டு. கனத்த ஜாடிகளில் இந்தச் சோதனை அவ்வளவு நம்பத்தக்கதல்ல. உள்ளே டார்ச்சை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். மெல்லிய சுவரில் விரிசல் கோடாக எழும். வெளிச்சம் ஊடுருவாத திட்டு இருந்தால் அங்கே பெயின்ட் பூசியிருக்கிறார்கள். புறஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் பழைய பசையும் மேற்பூச்சும் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். ஆனால் ஒளிராத ரெசின்களும் உண்டு. கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பீங்கான் குளிரும், ரெசின் குளிராது.

ஜாடியின் கழுத்தில் இன்னொரு மோசடி நடக்கும். உடைந்த வாய்ப்பகுதியை அறுத்து, தேய்த்து, குட்டையாக்கிவிடுவார்கள். வாய் விளிம்பில் பூச்சில்லாமல் தட்டையாக இருந்தாலும், வெள்ளி வளையம் போட்டு மூடியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். கழுத்துக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தை அருங்காட்சியகப் படங்களோடு ஒப்பிட்டால் பிடிபடும்.

சூளையிலேயே அடியில் விழுந்த விரிசல் பெரிய குறையல்ல. அதன் ஓரம் பூச்சால் உருண்டிருக்கும். பிற்கால விரிசல் கூர்மையாக, அழுக்கேறிய கோடாக இருக்கும். இதற்கு விலை பாதிக்கும் கீழே போனாலும் நியாயம். உடைந்த துண்டுகளை இணைக்கப் போட்ட பழங்காலத்து உலோகக் கொக்கித் தையலைக் கழற்ற வேண்டாம், அதுவும் பாத்திரத்தின் வரலாறுதான்.

இப்போது முத்திரை

ஆறெழுத்து முத்திரை பொதுவாக மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் இருக்கும். வலப்பக்க வரிசையை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு இடப்பக்கம் வாருங்கள். முதல் இரண்டு எழுத்து வம்சம்: "தா மிங்" அல்லது, மிங்குக்கு அடுத்து ஆண்ட சிங் வம்சமானால், "தா சிங்". வலப்பக்கத்தின் மூன்றாம் எழுத்தும் இடப்பக்கத்தின் முதல் எழுத்தும் சேர்ந்து ஆட்சிப் பெயர். கடைசி இரண்டு "நியென் ஜி", அதாவது இன்ன ஆட்சிக்காலத்தில் செய்தது. இந்தக் கடைசி இரண்டும் எல்லா முத்திரையிலும் பொதுவானவை என்பதால் ஆட்சிப் பெயர் இரண்டை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். சியென்லுங் காலத்தில் (1736–1795) அரசச் சரக்கில் இந்தக் குறி பெரும்பாலும் அச்சு முத்திரைகளில் செதுக்கும் சதுர வடிவ எழுத்துப் பாணியிலேயே வரும்.

முன்னோரைப் போற்றி அவர்கள் முத்திரையைப் போடுவது சீனாவில் மரபு. காங்சி காலத்துப் பாத்திரங்களிலேயே சுவாந்தெ, செங்ஹுவா முத்திரைகள் நிறைய உண்டு. அதை மோசடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், தேதி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1677இல் உள்ளூர் அதிகாரி ஒருவர் பேரரசர் பெயரைப் பாத்திரத்தில் எழுதத் தடை விதித்தார். பாத்திரம் உடைந்தால் பேரரசர் பெயர் அவமதிக்கப்படும் என்பது காரணம். எனவே வெறும் இரட்டை வட்டம், இலை, முயல் போன்ற குறிகளோடு அசல் காங்சிப் பாத்திரங்கள் பல இருக்கின்றன. முத்திரை இல்லாததால் ஒன்றை ஒதுக்காதீர்கள்.

ஆங்கிலத்தில் "சைனா" என்று எழுதியிருந்தால் அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு ஏற்றுமதியானது என்று கொள்ளலாம். அச்சொல் இல்லாததால் அதற்கு முந்தையது என்று கொள்ள முடியாது. வேறு நாடுகளுக்குப் போன சரக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இப்போது முன்பே எழுதி வைத்த தாளை எடுங்கள். முத்திரையும் உங்கள் கணிப்பும் மோதினால் கணிப்பின் பக்கமே நில்லுங்கள்.

முதலில் எதை வாங்கலாம்

மிங் அரசச் சூளைப் பாத்திரம் மலிவாகக் கிடைக்காது. கிடைத்தால் அது அதுவல்ல. தொடக்கக்காரருக்கு மிக நல்லது கப்பல் மூழ்கிய சரக்கு. காலம் உறுதியாகத் தெரியும், சிறு பாத்திரங்கள் எட்டும் விலையில் வருகின்றன. 1752இல் மூழ்கிய டச்சுக் கப்பல் ஹெல்டர்மால்சனின் சரக்கு "நான்கிங் கார்கோ" என்ற பெயரில் 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனது. 1822இல் மூழ்கிய டெக் சிங் கப்பலிலிருந்து சுமார் மூன்றரை லட்சம் பாத்திரங்கள் எடுக்கப்பட்டன. தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது டயானா. சீனாவின் கான்டனிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் 1817இல் மலாக்கா அருகே மூழ்கிய கப்பல் அது. அதன் நீல வெள்ளைத் தட்டுகள் 1995இல் ஏலத்துக்கு வந்தன. சென்னையில் இறங்க வேண்டிய சரக்கு எப்படி இருந்தது என்பதை அவை காட்டுகின்றன. கடலில் கிடந்ததால் இவற்றின் பூச்சு சில இடங்களில் மங்கியிருக்கும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏல ஒட்டுச்சீட்டு பாத்திரத்திலேயே இருக்க வேண்டும். ஆனால் ஒட்டுச்சீட்டையும் போலியாக அச்சிடுகிறார்கள். ஏலப் பட்டியல் எண், பழைய ரசீது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இன்னொரு வழி: தென்கிழக்காசியச் சமையலறைகளுக்கென்று சீனாவின் ஃபூஜியான் மாகாணச் சூளைகள் செய்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிண்ணங்களும் தட்டுகளும். பலவற்றின் நடுவில் பூச்சில்லாத வளையம் ஒன்று இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுட்டபோது ஒட்டாமலிருக்கத் துடைத்த இடம் அது. விலை குறைவு, தூரிகை சுதந்திரமானது, கையில் எடுத்துப் பழக ஏற்றது. உடைந்த துண்டுகளையும் ரசீதுள்ள வியாபாரியிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடைப்பின் முகம் கற்றுத்தருவது முழுப் பாத்திரத்தில் கிடைக்காது. ஆனால் ராமநாதபுரம் பெரியபட்டினம் போல சீனப் பீங்கான் துண்டுகள் வெளிப்பட்ட தொல்லியல் இடங்களில் எதையும் பொறுக்கக் கூடாது. இடத்தை விட்டு எடுத்த துண்டு ஆய்வுக்குப் பயனில்லாமல் போய்விடும்.

நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. சீனாவும் 1911க்கு முந்தையவற்றை வெளியே விடுவதில்லை. பயணத்தில் வாங்குமுன் இதை நினைவில் வையுங்கள்.

கண்ணைப் பழக்க, பிரிட்டிஷ் மியூசியத்தில் டேவிட் ஜாடிகளைப் பாருங்கள். 1351 என்று காலம் எழுதப்பட்ட யுவான் காலத்து ஜோடி அது. இஸ்தான்புல்லின் டோப்காப்பி அரண்மனை, சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகம், ஹைதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகம் ஆகியவையும் பயன்தரும். அடிப்பக்கப் படங்கள் இணையத்தில் உள்ள அருங்காட்சியகத் தொகுப்புகளில் கிடைக்கும். அவற்றைத் தேடித் தேடிப் பாருங்கள்.

வாங்கியபின்

கழுவ வேண்டுமானால் பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரும் மென்சோப்பும் போதும். ஒட்டுவேலை உள்ளதை நீரில் ஊறவிடாதீர்கள், ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. அது விரிசலுக்குள் இறங்கி, உலரும்போது உப்பாகப் படிந்து பூச்சைத் தூக்கும். சுவரில் மாட்ட ஸ்பிரிங் கம்பி வைத்த கொக்கி விளிம்பைச் சில்லு சில்லாக உடைக்கும், மரத் தாங்கியே நல்லது. பார்சல் அனுப்பும்போது பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மென்பொதி. ஜாடியின் உள்ளே மெல்லிய தாளைத் தளர்வாக நிரப்புங்கள், திணிக்க வேண்டாம். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் ஒன்றுக்கொன்று அட்டை வைத்து நிறுத்திக் கட்டுங்கள். குலுங்கும்போது படுக்க வைத்த அடுக்கில் மொத்த எடையும் அடித்தட்டின் நடுவில்தான் விழும்.